உறைய வைத்த கருவும் என் ரத்த அழுத்தமும்

18 ஜனவரி 2024
செயற்கைக் கருத்தரிப்புக்காக (ஐவிஎஃப்) சினைப்பையிலிருந்து முட்டை எடுத்தாயிற்று, 21. எண்ணிக்கையைக் கேட்டதும் அத்தை போனிலேயே பெருமாளுக்கு நன்றி சொன்னார், டாக்டர் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. இத்தனை முட்டை என்றால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் சேரலாம், இந்த நேரத்தில் கருவை வைத்துக் கர்ப்பமும் தரித்துவிட்டால் அது இன்னும் மோசமாகும், உருவாகும் கருக்களை எல்லாம் இப்போதைக்கு உறைய வைத்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

21 ஜனவரி
இரண்டே நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டது. குனிய முடியவில்லை. டாக்டர் சொன்னது இப்போது புரிகிறது.

11 மார்ச்
உறைய வைத்ததில் ஒரு கருவைக் கருப்பையில் வைத்தார்கள். எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது என்பதால் ஹார்மோன் மாத்திரை கொடுத்துத்தான் கருப்பையைத் தயார் செய்தார்கள். நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், அரசு மருத்துவமனை, அதனால் உறைகருவுக்கு 2,200 வெள்ளி வரை அரசாங்க உதவி கிடைத்தது.

15 மே
12 வாரம். இனி தினமும் இரவில் ஆஸ்பிரின். எதற்கு என்று கேட்டபோதுதான் பிரீ-எக்லாம்சியா என்ற பெயரே காதில் விழுந்தது, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின். என்னைப் போல உறைகரு வைத்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதலாம். ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கரு வைத்தால் சினைப்பையிலிருந்து முட்டை வெளியாவதில்லை, முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியமும் இருக்காது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்த நாளங்கள் இளகிக்கொடுக்க அது சுரக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் உதவுகிறது, அது இல்லாததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதை மார்ச்சிலேயே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இரவு முழுக்கப் படித்தேன். 2016-இல் சீனாவில் என்னைப் போல பிசிஓஎஸ் (சினைப்பையில் நீர்க்கட்டிகள், ஒழுங்கற்ற மாதவிலக்கு) உள்ள 1,508 பெண்களிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். உடனே கரு வைத்தவர்களில் 7.1 விழுக்காட்டினருக்குச் சினைப்பை வீக்கம் வந்தது, உறைகரு வைத்தவர்களில் 1.3 தான். குழந்தை பிறந்ததும் உறைகருவில்தான் அதிகம், உடனே வைத்தவர்களில் 42 விழுக்காடு, உறைகருவில் 49.3. ஆனால் பிரீ-எக்லாம்சியா உடனே வைத்தவர்களில் 1.4 விழுக்காடு, உறைகருவில் 4.4. உறைய வைத்தது எனக்குச் சரியான முடிவுதான், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் எந்த முறையில் கருவை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

26 செப்டம்பர்
31 வாரம். பிரஷர் 148/96. சிறுநீரில் புரதம். நேற்று வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது கண் முன்னால் மின்னியது, தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கர்ப்பத்தில் தலைவலி விடாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, விலா எலும்புக்குக் கீழே வலித்தாலோ, திடீரென முகம் வீங்கினாலோ அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

31 அக்டோபர், தீபாவளி
வார்டில். அம்மா முறுக்கு கொண்டுவந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கிறார்கள், சிராங்கூன் ரோட்டு விளக்கு அலங்காரத்தை போனில் பார்த்துக்கொண்டேன்.

6 நவம்பர்
37 வாரம். இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று வலி வரவழைத்தார்கள். பெண். 2.6 கிலோ. நன்றாக அழுதாள்.

13 நவம்பர்
பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷர் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இன்று காலையும் 152/98. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் இப்படி ஏறலாமாம், மாத்திரை தொடர்கிறது. இன்னும் நாலு கரு அங்கே உறைந்து இருக்கிறது. அடுத்த முறை முட்டை தானாக வெளியாகும்படி லெட்ரோசோல் கொடுத்து முயல முடியுமா என்று கேட்க வேண்டும், குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.