கருவூலத்தில் காணாமல் போன 674 கிலோ

பண்ருட்டிச் சாலையில் இன்று ஒரு முந்திரிக்கொட்டை லாரி. சாக்கின்மேல் அச்சு: கினி-பிசாவு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு சிறிய நாடு.

அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி முந்திரிதான். கொகெய்ன் கடத்துபவர்களுக்கு வேண்டியதோ அதன் கடல். அங்குள்ள பிஜாகோஸ் தீவுக்கூட்டத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள், பெரும்பாலும் ஆளில்லாதவை.

2006 செப்டம்பரில் அந்த நாட்டில் 674 கிலோ கொகெய்ன் பிடிபட்டது. கருவூலப் பெட்டகத்தில் வைத்தார்கள். அங்கிருந்தே மாயமானது.

பொருள் போனால் வழக்கும் போச்சு. பிடித்த இடத்திலேயே எடை போட்டு, மாதிரி எடுத்து முத்திரையிட்டு, மீதியை நீதிபதி முன்னிலையில் எரித்திருக்க வேண்டும். எவ்வளவு எளிய வேலை!

அடுத்த ஆண்டு நீதி அமைச்சரானவர் வழக்கறிஞர் கார்மெலிடா பிரெஸ். 2008 ஜூலையில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஜெட் விமானம் தலைநகர் பிசாவுவில் சிக்கியது. அதில் இருந்ததாகச் சந்தேகப்பட்ட கொகெய்ன் சரக்கு கைக்கு வரவில்லை. அமைச்சருக்குக் கொலை மிரட்டல் வந்தது.

அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார் அந்தப் பெண்மணி.