புதன்கிழமை ஆட்டங்கள்

பிப்ரவரி 12, 2025, புதன்

நேற்று தைப்பூசம். மகள் பால்குடம் எடுத்தாள். விடியும் முன்னே இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்று, அங்கிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள். இன்று மதியம் அதே கால்களில் பூட்ஸை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடும்மா" என்று அவள் அம்மா சொன்னதற்கு, "கோல் காப்பாளர் ரெண்டு பேர்தாம்மா இருக்கோம், நான் போகலேன்னா மத்தவ ஒருத்தியே எல்லாப் பந்தையும் பிடிக்கணும்" என்றாள். சரி, அதற்கு மேல் என்ன சொல்வது.

இந்தப் பருவத்தை எழுதி வைக்க வேண்டும் என்று இன்றுதான் முடிவு செய்தேன். மகள் தொடக்கக்கல்லூரியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில், இரண்டாம் ஆண்டு. பெண்கள் காற்பந்து அணியில் கோல் காப்பாளர். ஏப்ரலில் கல்லூரிகளுக்கு இடையிலான 'ஏ' பிரிவு ஆட்டங்கள் தொடங்குகின்றன. எங்கள் குழுவில் ஐந்து அணிகள், அதாவது நான்கு ஆட்டங்கள், முதல் இரண்டு இடம் வந்தால் மேலே போகலாம். அந்த நான்கு ஆட்டங்களுக்காக ஓராண்டாகப் பயிற்சி செய்கிறார்கள். அது முடிந்ததும் புத்தகம்தான், நவம்பரில் ஏ லெவல் தேர்வு.

எனக்கு ரயில் தண்டவாளப் பராமரிப்பில் இரவு வேலை. கடைசி ரயில் போன பிறகு முதல் ரயில் வருவதற்குள் கிடைக்கும் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் எங்கள் வேலை முடிய வேண்டும். பகலில் தூங்குவேன். ஆட்டங்கள் எல்லாம் புதன்கிழமை நான்கு மணிக்கு. கைப்பேசியில் புதன்தோறும் இரண்டரை மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

நோன்பு மாதம். அணியில் ஐந்து பிள்ளைகள் நோன்பு இருக்கிறார்கள், கேப்டனும் அதில் ஒருத்தி. அதனால் பயிற்றுவிப்பாளர் சனிக்கிழமைப் பயிற்சியை வெயில் ஏறும் முன் காலை ஏழரைக்கு மாற்றிவிட்டார். நான் வேலை முடிந்து நேராகத் திடலுக்கே போனேன். தண்ணீர் இடைவேளையில் மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பைகள் கிடந்த மூலைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். கேப்டன் மட்டும் திடல் நடுவில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த அணியில் இருபது பேர். கல்லூரிக்கு வரும் முன்பே காற்பந்து ஆடியவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் வலைப்பந்து, ஹாக்கி, ஓட்டம் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள், ஒரு பிள்ளை சீன நடனத்திலிருந்து வந்திருக்கிறாள். என் மகள் உயர்நிலைப்பள்ளியில் நான்கு வருடம் வலைப்பந்து ஆடினாள், ஏனென்றால் அவள் பள்ளியில் பெண்களுக்குக் காற்பந்தே கிடையாது. பையன்களுக்கு இருந்தது. பத்து வயதில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பையன்களோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை பதினேழு வயது வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வலைப்பந்து ஆடிய கைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரச்சினை கால்களில். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் அந்த இடத்திலேயே நின்று மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும், அதோடு கீழே விழுவது அந்த ஆட்டத்துப் பழக்கமே இல்லை. அதனால் போன வருடம் இவள் விழவே மாட்டாள். பக்கவாட்டில் வரும் பந்துக்குக் காலை எடுத்து வைத்துப் போய்ச் சேர்வதற்குள் பந்து வலையில் கிடக்கும். பயிற்றுவிப்பாளர் அவளை முதலில் முட்டி போட வைத்து விழச் சொன்னார், அப்புறம் குந்தியபடி, அப்புறம் நின்றபடி. தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் படவேண்டும், முழங்கை மட்டும் முதலில் ஊன்றக் கூடாது. இதற்கே மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் என் அம்மா ராத்திரியில் பேத்தியின் இடுப்புக்குக் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார், வீடு முழுக்க அந்த வாசனைதான்.

இன்று பார்த்தேன். வலது பக்கம் தாழ்வாக வந்த பந்துக்கு யோசிக்காமல் சாய்ந்தாள். ஒரு கை பந்துக்குப் பின்னால், ஒரு கை மேலே. எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்கு நின்றாள். இரவு முழுக்க வேலை பார்த்த அலுப்பு எனக்குத் தெரியவே இல்லை.

குறை ஒன்று இருக்கிறது. குரல். உயரமாகப் பந்து வரும்போது "கீப்பர்!" என்று கத்தினால்தான் தற்காப்பு ஆட்டக்காரர்கள் வழிவிடுவார்கள். இவள் வீட்டில் "அப்பா, உப்பு" என்று கேட்பதுகூட இரண்டாவது தடவைதான் காதில் விழும்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். அணி முழுக்கக் கேப்டன் வீட்டில். மகள் ரெண்டாங் கறியும் லொந்தோங் சோறும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். இன்று வேறு எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

0-3.

முதல் கோல் ஆறாவது நிமிடமோ ஏழாவது நிமிடமோ. மூலையிலிருந்து வந்த பந்து, இவளுக்கும் நடுத் தற்காப்பு ஆட்டக்காரிக்கும் நடுவில் இறங்கியது. இரண்டு பேரும் மற்றவள் எடுப்பாள் என்று நின்றார்கள். எதிரணிப் பிள்ளை ஒருத்தி தலையால் லேசாகத் தட்டினாள், அவ்வளவுதான். குரல் வந்திருந்தால் அந்தக் கோல் இல்லை. மற்ற இரண்டும் யாராலும் தடுக்க முடியாதவை. அந்த அணியில் பாதிப் பேர் சிறு வயதிலிருந்தே ஆடுகிறவர்கள், பந்தை வாங்கும் முன்பே அடுத்தது யாருக்கு என்று பார்த்துவிடுகிறார்கள்.

திரும்பும்போது ரயிலில் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இறங்கும் இடத்துக்கு இரண்டு நிலையம் முன்னால், "அப்பா, அந்த முதல் கோல் என்னோடது" என்றாள். "ஆமாம்மா" என்றேன். பொய் சொல்லித் தேற்றினால் இவள் அடுத்த முறை என்னிடம் சொல்ல மாட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கோயிலுக்குப் போய்விட்டுத் தேக்காவில் சாப்பிட்டோம். வரும் வழியில் ஃபேரர் பார்க் பக்கமாக நடந்தோம். நான் பையனாக இருந்தபோது சனிக்கிழமைகளில் பந்து ஆடிய இடம். அதற்கும் முந்தைய காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1994 டிசம்பரில் மலேசியாவின் ஷா ஆலமில் சிங்கப்பூர் அணி பாகாங் அணியை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி ஒன்று. காப்பிக்கடைத் தொலைக்காட்சி முன்னால் என் அப்பா முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். இதை மகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

இன்று அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். 1977-இல் ஆசியப் பெண்கள் காற்பந்துப் போட்டியில் சிங்கப்பூர் மூன்றாம் இடம் வந்தது. நான் பிறப்பதற்கும் முன்னால். அவள் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அப்போ கோல் காப்பாளர் யாருப்பா?" எனக்குப் பெயர் தெரியவில்லை. ஃபாண்டி பெயரும் சுந்தரமூர்த்தி பெயரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீடு வரும் வரைக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இவளுக்குத் தெரிந்த பெயர் டேனல் டான், 2023-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் பெண்கள் அணியில் சேர்ந்த நம் ஊர்ப் பெண். அவர் படம் மகளின் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

1-1.

மூன்றே முக்காலுக்கு வானம் கறுத்துவிட்டது. இந்த மாதத்து மதியங்கள் இப்படித்தான். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இடி எச்சரிக்கைச் சங்கு ஊதியது, எல்லோரும் திடலை விட்டு ஓடி வந்தார்கள். கூரைக்குக் கீழே இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் ஐம்பது நிமிடம் நின்றன. மழை கொட்டியது. நம் பிள்ளைகள் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள், கொஞ்ச நேரத்தில் எதிரணியும் சேர்ந்துகொண்டது. இவள் மட்டும் சுவரோரமாகத் தனியாக நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால், "கீப்பர், கீப்பர், கீப்பர்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மழை விட்ட பிறகு வழுக்கும் திடலில் ஆடினார்கள். நாங்கள்தான் முதலில் கோல் வாங்கினோம், தடுப்பில் பட்டுத் திசை மாறிய பந்து. அப்புறம் ஹாக்கியிலிருந்து வந்த பிள்ளை ஒரு கோலைத் திருப்பிப் போட்டாள். கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் உயர உயரப் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது பந்துக்கு ஒரு குரல் கேட்டது. "கீப்பர்!" யாரோ ஆசிரியை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். என் மகள். நடுத் தற்காப்பு ஆட்டக்காரி குனிந்து வழிவிட, இவள் எல்லோர் தலைக்கும் மேலே போய் இரண்டு கையாலும் எடுத்துவிட்டாள். வலைப்பந்தில் குதித்த குதி.

ஏப்ரல் 23, புதன்

2-1, வென்றோம்! இந்த அணியின் முதல் வெற்றி. நாடு முழுக்க வேட்புமனுத் தாக்கல் பற்றிப் பேச்சு, வேலையிடத்தில் எல்லோரும் எந்தத் தொகுதியில் யார் யார் என்று கேட்க, நான் எங்கள் இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இவள் உதைத்த கோல் கிக், நடுத்திடலில் கேப்டன் அதை நெஞ்சில் வாங்கித் திருப்பி ஓட்டக்காரப் பிள்ளைக்கு விட்டாள், அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.

இப்போது நான்கு புள்ளி. அடுத்த புதன் வென்றால் மேலே போகலாம். எதிரணிக்குச் சமநிலையே போதும்.

ஏப்ரல் 30, புதன்

இரவு வேலைக்குப் போகும் முன் எழுதுகிறேன்.

இன்று அவள் அம்மாவும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் வராததற்குக் காரணம் உண்டு. மகள் கீழே விழுவதைப் பார்க்க முடியாது என்பாள், தேர்வு வருடத்தில் இது தேவையா என்றும் கேட்டிருக்கிறாள், அந்தக் கவலை தப்பில்லை. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் இருக்கும், கோல் கம்பத்துப் பக்கமிருந்து "மேன் ஆன்! திரும்பு! கிளியர், கிளியர்!" என்று சத்தம். அவள் அம்மா என் கையைப் பிடித்து, "நம்ம பிள்ளையாங்க அது?" என்றாள். முதல் பாதி முழுக்கப் பந்தைப் பார்க்கவில்லை, கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியில், 0-0 என்று இருக்கும்போது, நம் பிள்ளை ஒருத்தியின் கையில் பந்து பட்டது. பெனால்டி. அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். மகள் கோட்டிலிருந்து ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். உதைக்கும் வரை ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. இவள் இடது காலைக் கோட்டில் வைத்து, கையை விரித்து நின்றாள். எதிரணிப் பெண் உதைத்தாள். இவள் வலப்பக்கம் விழுந்தாள். தொடை, இடுப்பு, தோள். விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

நான் கத்தினேனா என்று தெரியாது, இப்போது தொண்டை கட்டியிருக்கிறது. அவள் அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

அதற்கு அப்புறம் எல்லாமே நம் பக்கம்தான். கடைசியில் கேப்டன் உதைத்த ஃப்ரீ கிக் மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதன் சத்தம் பார்வையாளர் வரிசை வரைக்கும் கேட்டது. உடனே விசில்.

0-0. ஐந்து புள்ளி, மூன்றாம் இடம். முடிந்துவிட்டது.

பிள்ளைகள் திடலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பயிற்றுவிப்பாளர் யாரையும் எழுப்பவில்லை, அவரும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லி, முதல் நாள் பயிற்சியில் அவளுக்கு என்ன தெரியாது, இன்று என்ன செய்தாள் என்று சொன்னார். இருபது பேருக்கும். ஒரு நிமிடம்கூட ஆடாத பிள்ளைகளுக்கும் சொன்னார். என் மகள் முறை வந்தபோது சொன்னது இதுதான்: "நீ வந்த அன்னைக்கு உன் பேரையே நான் மூணு தடவை கேட்டேன்."

மே 7, புதன்

இரண்டரைக்கு அலாரம் அடித்தது. அதை எடுக்க மறந்துவிட்டேன். நிறுத்திவிட்டுப் படுத்திருந்தால் வாசலில் சாவிச் சத்தம், மகள் வகுப்பு முடிந்து வந்திருக்கிறாள். கையுறைகள் இன்னும் சன்னல் கம்பில் காய்கின்றன, ஒரு வாரமாக யாரும் எடுக்கவில்லை.

"அப்பா, முழிச்சிட்டீங்களா? இன்னைக்கு அரையிறுதி. போலாமா?"

நமக்கு ஆட்டம் இல்லையே என்று நான் கேட்கவில்லை, சட்டையை மாட்டினேன். திடலில் எங்களை முதலில் 3-0 என்று அடித்த அணி ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் நடு வரிசையில் உட்கார, இவள் என்னைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வேலிப்பக்கம் கூட்டிப்போனாள். பெற்றோர் யாரும் உட்காராத இடம், வெயில் முகத்தில் அடிக்கும். வேலிக்கம்பியில் விரல்களை மாட்டிக்கொண்டு அந்த அணியின் கோல் காப்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கார்னர் வரும்போது எங்க நிக்கிறா பாருங்கப்பா," என்றாள். "நான் ரெண்டு அடி பின்னாடி நின்னிருக்கேன்."