பையருக்கு எழுதும் ஆங்கிலம்: ஒரு திருப்பூர் மெர்ச்சண்டைசரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். ஆர்டர் எடுப்பதிலிருந்து சரக்கு அனுப்பும் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் இருக்கும் கம்பெனியிலும் அமெரிக்க ஆர்டர்கள் பாதியில் நிற்கின்றன. முதலாளி பிரிட்டன், ஜெர்மனி பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஜூலை 24 அன்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. நடைமுறைக்கு வர நாளாகும் என்றாலும் ஊரில் அதைப் பற்றி நம்பிக்கையோடுதான் பேசுகிறார்கள்.

இதுவரை வெளிநாட்டுக்காரர்களுக்காக இங்கே ஆர்டர் கொடுத்து வேலையைக் கவனிக்கும் சென்னை பையிங் ஹவுஸோடு போனில் தமிழிலேயே பேசி வேலையை முடித்துவந்தோம். பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, எழுதுவது அவர்கள் பாடு. புதிதாக வரும் பையர்களுக்கு நடுவில் ஆள் இல்லை. “அம்மிணி, ஹாம்பர்க் பையர் இனி உன் பொறுப்பு” என்று மேலாளர் சொல்லிவிட்டார். கல்லூரி வரை தமிழ்வழியில் படித்தவள் நான். ஏற்றுமதித் தொழிலில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஞாயிறு காலையில் அலுவலக ஆங்கிலம் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டு இன்று சேர்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சார் இலக்கணப் புத்தகத்தைத் தொடவே இல்லை. நாங்கள் அனுப்பிய பழைய மெயில்களை அச்செடுத்து வரச்சொல்லியிருந்தார். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இதைப் படித்ததும் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?” பெரும்பாலான மெயில்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ‘டூ தி நீட்ஃபுல்’, அதாவது ஆவன செய்யுங்கள் என்று முடித்திருந்தோம். எதைச் செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று ஒன்றுமில்லை.

தலைப்பு வரியைத்தான் ஒரு மணி நேரம் எழுதிப் பழகினோம். ‘சாம்பிள் பற்றி’ என்று போட்டால், நாளெல்லாம் மெயில் வந்து குவியும் பையர் அதைத் திறக்கமாட்டார். ஸ்டைல் எண், நிறம், என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்ற நான்கும் தலைப்பிலேயே இருக்க வேண்டும். ‘ஸ்டைல் 4417, நேவி, ஃபிட் சாம்பிள், ஒப்புதல் செப்டம்பர் 19க்குள் தேவை’ என்று எழுதிக் காட்டினார். ஃபிட் சாம்பிள் என்பது அளவு பொருந்துகிறதா என்று பார்க்க அனுப்பும் மாதிரி. அதில் வினைச்சொல்லே இல்லை. இவ்வளவு காலம் எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தது வினைச்சொல்லுக்குப் பயந்துதான்.

செப்டம்பர் 18, வியாழன்

லேப் டிப் வந்தது, அதாவது ஒப்புதலுக்காகச் சாயமேற்றிய மாதிரித் துணி. பேன்டோன் நிற அட்டையில் 19-4052, அடர்ந்த நீலம். சாயப்பட்டறை ஏ, பி, சி என்று மூன்று துண்டு கொடுத்திருந்தது. வெவ்வேறு விளக்கில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பகல் ஒளிக்கான டி65இல் பார்த்தேன். பி மிகச் சரியாகப் பொருந்தியது. கடைவிளக்குக்கான டிஎல்84க்கு மாற்றியதும் அதே துண்டு சற்றே சிவந்துவிட்டது. சி இரண்டு விளக்கிலும் நிறம் மாறாமல் நின்றது, ஆனால் ஒரு பிடி வெளிறியிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதும் என்பது எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. எந்த விளக்கில், எந்தத் துண்டு, எந்தப் பக்கம் சாய்கிறது, நாங்கள் எதைப் பரிந்துரைக்கிறோம் என்று நான்கு வரி. சி துண்டையே இன்னும் கொஞ்சம் ஆழமாக்கித் தருகிறோம் என்று முடித்தேன். மாலைக்குள் ஒற்றை வரியில் சம்மதம் வந்தது.

வேலை தெரிந்தவருக்கு அலுவலக ஆங்கிலத்தில் பாதி ஏற்கனவே கையில் இருக்கிறது. துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்கிறவர், தையலைப் பார்த்ததும் எந்த மெஷினில் ஓடியது என்று சொல்கிறவர், இவர்கள் எல்லாம் மெயில் என்றதும் ஒதுங்கிப்போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று எண்ணும் தேதியும் மட்டும். 1,20,000 பீஸ் என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர் காற்புள்ளி இடம் மாறிவிட்டது என்று நினைத்து, ஒரு சைபர் விட்டுப்போயிற்றோ என்று சந்தேகப்படுவார். அவருக்கு 120,000 என்றுதான் எழுத வேண்டும். 05/10 என்றால் லண்டனுக்கு அக்டோபர் 5, நியூயார்க்குக்கு மே 10. அதனால் மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். நாள் முடிவதற்குள் என்று எழுதும்போது யாருடைய நாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஃப்ஓபி தூத்துக்குடி என்று விலை சொன்னால், கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையவை, அதற்குமேல் பையருடையவை. கூடவே இந்தச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் சர்வதேச விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 என்று போட்டுவிட்டால் எந்த ஆண்டின் விதி என்ற வாக்குவாதமும் எழாது.

அக்டோபர் 8, புதன்

கடினமான மெயில். தீபாவளி 20ஆம் தேதி, திங்கள். அதற்கு முந்தைய வாரமே தென்மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். பீகார் தொழிலாளர்கள் தீபாவளிக்குப் பின் வரும் சட் பூஜையையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அக்டோபர் 25இல் போக வேண்டிய 6,000 பீஸை மொத்தமாக அனுப்ப வழியில்லை.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட சேதியை நலம் விசாரிப்பு, நன்றி, வருத்தம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் நுழைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். சில சமயம் ஷிப்மெண்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வரை சொல்லாமலே இருப்பதும் உண்டு. மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் கடைக்கு விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அது மரியாதை ஆகாது. முதல் வரியிலேயே எழுதினேன்: 3,000 பீஸ் அக்டோபர் 16இல் கிளம்பும், மீதி நவம்பர் 12. இரண்டாவது வரியில் காரணம். மூன்றாவதில் ஒரு கேள்வி: முதல் பாதியில் எந்த சைஸ்கள் வேண்டும்?

மேலாளர் படித்துவிட்டு, “இவ்வளவு நேராகவா அம்மிணி?” என்று தயங்கினார். சரி அனுப்பு என்றார். மாலையே சைஸ் பட்டியலோடு பதில் வந்துவிட்டது. முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரியும் இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஹாம்பர்க்குக்கும் நமக்கும் இருந்த மூன்றரை மணி வித்தியாசம் இன்று முதல் நாலரை. வீடியோ கால் இனி நமக்கு மதியம் இரண்டரைக்கு.

பேச்சு எனக்கு இன்னும் பயம்தான். ஸ்டைல் எண்ணில் பி, டி, ஈ வந்தால் போனில் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். சார் சொல்லிக்கொடுத்தபடி விமானிகள் சொல்வதுபோல பிராவோ, டெல்டா, எக்கோ என்றேன். ஹாம்பர்க் பையர் தரப்பில் பேசிய அம்மையார் சிரித்துக்கொண்டே தானும் அப்படியே சொல்லத் தொடங்கினார். அவருக்கும் ஆங்கிலம் படித்து வந்ததுதான். வேகமாகப் பேசவில்லை, இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் கையால் கழுத்துப் பட்டியைக் காட்டினார். முடிவில் பேசியதையெல்லாம் ஐந்து வரியில் எழுதி அனுப்பினேன். காதில் தவறவிட்ட ஒன்று அதில்தான் சரியாயிற்று: நெக் ரிப், அதாவது கழுத்துப் பட்டியின் அகலம் 1.5 அல்ல, 1.8 சென்டிமீட்டர்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாவது பாதிக்கு நேற்று இன்ஸ்பெக்ஷன். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 கணக்கில் 3,000 பீஸுக்கு 125 எடுத்துப் பார்ப்பார்கள். ஏழு குறை வரை தேறும், எட்டு வந்தால் மொத்தச் சரக்கும் திரும்பும். எங்களுக்கு நான்கு. சரக்கு 12ஆம் தேதி கிளம்புகிறது.

இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கையை எங்கள் செக்கிங் அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிப் ஸ்டிட்ச், ஆயில் ஸ்டெய்ன், ஓபன் சீம் என்று ஒவ்வொன்றாக விரல்வைத்து வாசித்தார். பள்ளியை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். “ஏனுங்க, இதெல்லாம் நாங்கள் தினமும் சொல்வதுதானே?” என்றார். ஆமாம் அக்கா என்றேன்.

வகுப்பைக் கம்பெனிக்குள்ளேயே, வேலை நேரத்தில் நடத்த வேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவுமே சரியாகிவிடுகிறவர்கள் இவர்கள். செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்பதையும், செக்கிங்கிலிருந்து இரண்டு பேர், கட்டிங்கிலிருந்து ஒருவர் என்று பெயர்களையும், நவம்பர் 17க்குள் பதில் வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன்.