லைசன்ஸ் தீர்ந்த ஜூன்

ஜூன் 10, 2024, திங்கள்

செம்பூரிலிருந்து நனைந்துகொண்டு வந்து உட்காரவில்லை, துறைத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் லைசன்ஸைப் புதுப்பிக்க இந்த வருடம் பணம் இல்லையாம். இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எம்.ஏ. வகுப்புக்கும் அதுதான், நம் ஆராய்ச்சிக்கும் அதுதான். "ஏக் ஹி சாஃப்ட்வேர்", ஒரே மென்பொருள்தான் என்று அழுத்திச் சொன்னார்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. கல்லூரி லேபில் மட்டும் திறக்கும் ஒன்றைக் கற்றுக்கொண்டு, வெளியே போனதும் கையைப் பிசையும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். தாராவியிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வருகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப். அதில் ஓடாத எதுவும் எனக்கு வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: ஆர் (R), பிஎஸ்பிபி, ஜமோவி, ஜாஸ்ப், கிரெட்ல். பைத்தானையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். புள்ளியியலே புதிதாக இருக்கும் சமூகவியல் வகுப்பின் தலையில் அதையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

பிஎஸ்பிபி. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் வருவது, எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றாகவே எழுதப்பட்டது. பழைய கோப்புகளை அப்படியே திறக்கிறது. நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் கட்டளைக் கோப்புகளும் பெரும்பாலும் மாற்றம் இல்லாமல் ஓடின. தேதி முடிந்து நின்றுபோகிற பயமும் இல்லை.

லேப் அண்ணாச்சிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "நாலு ஜிபி மிஷின்ல இது ஒண்ணுதாம்மா சட்டுனு தெறக்கு. மத்ததெல்லாம் மூச்சு வாங்குது" என்றார். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை.

ஆனால் படம் வரைவதில் பிஎஸ்பிபி ரொம்ப ஏழை. கலப்பு மாதிரிகள் எல்லாம் கிடையாது. வெளியீட்டைப் பார்த்தாலே தொண்ணூறுகளின் அரசு அலுவலக வாசனை.

ஜூன் 15, சனி

இன்று ஒரு சின்னச் சோதனை. 1 முதல் 8 வரை எட்டே எண்கள். முதல் கால்மானம், அதாவது கால்வாசி எண்களுக்கு மேலே நிற்கும் எண், என்ன?

நம் பாடப்புத்தக வழி: எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி நாலால் வகுத்து, அந்த இடத்து எண்ணை எடுக்க வேண்டும். 2.25 வருகிறது. எஸ்பிஎஸ்எஸ் தருவதும் அதுவே. ஆரைக் கேட்டால் 2.75. அதே ஆரில் ஐந்து எண் சுருக்கத்துக்கான கட்டளையைக் கொடுத்தால் 2.5. மூன்றும் சரி. ஹைண்ட்மனும் ஃபானும் 1996இல் ஒரு கட்டுரையில் ஒன்பது வழிகளைத் தொகுத்தார்கள். ஆர் ஒன்பதையும் வைத்துக்கொண்டு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஏழாவதை எடுத்துக்கொள்கிறது. ஆறாவது வேண்டும் என்று சொன்னால் 2.25 வந்துவிடும்.

இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனையிலும் இதே கதைதான். ஆர் நம்மைக் கேட்காமலே, இரு குழுவின் சிதறலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்னும் வெல்ச் முறையில் போகிறது, அதனால் கட்டின்மை அளவு (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) தசமத்தில் வருகிறது. ஜமோவி முதலில், சிதறல் ஒன்றே என்று கொள்ளும் ஸ்டூடன்ட் முறையைக் காட்டும். வெல்ச் வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். பிஎஸ்பிபி இரண்டையும் இரண்டு வரிசையாகப் போட்டுவிடுகிறது. பாடம் நடத்துகிறவளுக்கு அந்த இரண்டு வரிசைதான் வசதி. "ஏன் மேடம் ரெண்டு விடை?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால்தானே சொல்ல முடியும்.

ஜூன் 19, புதன்

கேன்டீனில் பொருளாதாரத் துறை மேடம் கிரெட்ல் பக்கம் ஒரே பிரசாரம். காலத்தொடர், பேனல் தரவு என்றால் அது அருமைதான். பாடநூல்களின் தரவுத் தொகுப்புகளையும் அதற்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். எங்களுக்கு வேண்டியதோ குறுக்கு அட்டவணையும், ஆம்/இல்லை விடைகளுக்கான லாஜிஸ்டிக் மாதிரியும். அவர்களுக்கு அது, எங்களுக்கு வேறு.

ஜாஸ்ப் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துச் சரக்கு, பேயஸ் வழிப் புள்ளியியலுக்குப் பேர்போனது. அதை எழுதியவர்களில் சிலர் தனியே வந்து 2017இல் வெளியிட்டதுதான் ஜமோவி. இரண்டும் உள்ளுக்குள் ஆரை வைத்தே ஓடுகின்றன. ஜமோவியில் ஒரு வசதியைத் திறந்தால், நாம் மவுஸால் செய்த வேலைக்கு ஆர் கட்டளை என்ன என்று மேலேயே காட்டும். எனக்கு அது போதும், ஜாஸ்ப்பை ஓரம் வைத்தாயிற்று.

ஜூன் 24, திங்கள்

இன்றைக்குத்தான் உண்மையான வேலை. நாங்கள் ஆராய்ச்சிக்கு எடுப்பது பெரும்பாலும் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இங்கே தேவ்னாரில் இருக்கும் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்துவது. ஐந்தாவது சுற்று 2019-21, சுமார் 6.37 லட்சம் வீடுகள், 7.24 லட்சம் பெண்கள். இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எடை உண்டு, யாருடைய பதிலை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்று சொல்லும் எண். பெண்கள் கோப்பில் அது வி005 என்ற பத்தி, பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். குடும்ப வன்முறைக் கேள்விகளுக்கு அதுவும் செல்லாது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்டது என்பதால் டி005 என்று தனி எடை.

பிஎஸ்பிபியில் எடையைப் போட்டால் சதவீதம் சரியாக வருகிறது, திட்டப் பிழை (விடை எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) சரியாக வருவதில்லை. இந்தப் பெண்கள் ஊர் ஊராக, வார்டு வார்டாகக் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒரே ஊர்க்காரர்களின் பதில் ஒன்றுபோல் இருக்கத்தான் செய்யும். பிஎஸ்பிபி அதைக் கணக்கில் எடுக்காமல், எல்லோரையும் தனித்தனியே குலுக்கி எடுத்ததாக நினைத்துக்கொள்கிறது. பிழை சின்னதாகத் தெரியும்.

உழைப்புப் படைக் கணக்கெடுப்பான பிஎல்எஃப்எஸ்ஸை ஏற்றிப் பார்த்ததில் கூத்து இன்னும் பெரிது. அதன் மல்டிப்ளையரை, அதாவது ஒருவர் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்ணை, எடையாகக் கொடுத்ததும், அட்டவணையின் கடைசி வரியில் மொத்தம் கோடிக்கணக்கில் வந்து நிற்கிறது. மென்பொருள் அத்தனை கோடிப் பேரையும் பேட்டி எடுத்ததாக நம்பிவிட்டது. எதை எதோடு ஒப்பிட்டாலும், உறவு தற்செயலா என்று பார்க்க உதவும் பி மதிப்பு .000, தற்செயலே இல்லை என்பதுபோல். வாரத்தின் எந்தக் கிழமையில் பேட்டி எடுத்தோம் என்பதற்கும் வேலையின்மைக்கும்கூட இதில் உறவு கண்டுபிடித்துவிடலாம்.

எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் இதே நிலைதான். சிக்கலான மாதிரிகளுக்கு அவர்கள் தனியாக விற்கும் பகுதியை நாங்கள் வாங்கியதே இல்லை. அடிப்படை ஜமோவியிலும் கொத்து எது, அடுக்கு (நகரம், கிராமம் போன்ற முன்பிரிவு) எது என்று சொல்ல இடமில்லை. ஆரில் தாமஸ் லம்லி எழுதிய 'சர்வே' தொகுப்பில் இரண்டு வரியில் முடிகிறது: கொத்து, அடுக்கு, எடை மூன்றையும் முதலில் சொல்லிவிட்டால், பிறகு வரும் எல்லாக் கணக்கும் அதை மதிக்கிறது. ஒரே அட்டவணையை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். பிஎஸ்பிபியில் முக்கியம் என்று நட்சத்திரம் வாங்கிய இரண்டு மாறிகள் ஆரில் ஒன்றுமில்லாமல் போயின.

ஆராய்ச்சிக்கு ஆர்தான். இதற்கு மேல் பேச்சில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சயான் கோலிவாடா பக்கம் வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் ஒரு மாணவி தமிழில் எடுத்த பதில்களை ஆரில் ஏற்றினோம். லேபின் பழைய விண்டோஸ் ஆரில் "தண்ணி வர்ற நேரம்" என்பது கோணக்குறிக்குள் யூ, பிளஸ், எண்கள் என்று வரிசையாக நின்றது. பயந்துபோனாள். 2022இல் வந்த 4.2.0 முதல் விண்டோஸிலும் யூனிகோட் சரியாகிவிட்டது. போன மாதம் 14ஆம் தேதி வந்த 4.4.1ஐப் போட்டதும் தமிழ் தமிழாகவே வந்தது. அட்டவணையில் பத்தி வரிசை மட்டும் கோணலாக நிற்கிறது. அது போகட்டும்.

ஜூலை 8, திங்கள்

ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை ஏழுக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிய மழை. சென்ட்ரல், ஹார்பர் இரண்டும் நின்று நின்று போயின. கல்லூரி இல்லை. லேப்டாப்பே இல்லாத ஒருத்தி பக்கத்து வீட்டுக் கணினியில் பிரவுசரிலேயே ஜமோவியைத் திறந்து வேலை செய்ததாக போனில் சொன்னாள். இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, ஆனாலும் வீட்டுப்பாடத்துக்குப் போதும்.

ஜூலை 11, வியாழன்

தலைவரிடம் போய் இரண்டு பெயர் சொன்னேன். முதல் பருவம் ஜமோவி, இரண்டாம் பருவம் ஆர். ஆராய்ச்சிக்கு ஆர் மட்டும். அவர் முகம் சுளித்தார். பிஎல்எஃப்எஸ் அட்டவணையின் அந்தக் கோடிகளை அச்செடுத்து முன்னால் வைத்தேன். சிறிது நேரம் பார்த்தார். "நம்ம 2019 ரிப்போர்ட்டும் இப்படித்தானா?" என்றார். அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

பழைய கோப்புகளைத் திறக்க இரண்டு மிஷினில் பிஎஸ்பிபி இருக்கட்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லியாயிற்று. ஆர் தெரியாத சக ஆசிரியர்கள் பவாய் ஐஐடியின் ஸ்போகன் டுடோரியல் வீடியோக்களிலிருந்து தொடங்கலாம்.

மீதி இருப்பது தரவு. குடும்பநலக் கணக்கெடுப்புக் கோப்பை நான் இறக்கி வகுப்புக்கே பங்குபோட அனுமதி இல்லை. யாருக்கு வேண்டுமோ அவர்கள் பதிவுசெய்து, எதற்கு என்று எழுதிக் கேட்க வேண்டும். அந்தப் பத்து வரியை எழுதுவதுதான் முதல் வார வேலை. அனுமதி வரும்வரை பதிவு கேட்காத மாதிரித் தரவுக் கோப்பு ஒன்றை, இந்தக் கோப்புகளைக் கொடுக்கும் டிஎச்எஸ் தளமே தருகிறது. இல்லாத நாட்டின் தரவு, ஆனால் வி005 அதிலும் இருக்கிறது. வியாழன் லேபில் அதை வைத்துத் தொடங்குகிறோம்.