ஒரு கையெழுத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவு

சேலத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் ரிஸ்க் டீமில் இருக்கிறேன். லாரிக் கடன், ஜவ்வரிசி ஆலைக் கடன், கொலுசுப் பட்டறைக் கடன், இவைதான் பெரும்பாலும். 2025 நடுவில் "இனி நாம அஜைல்" என்று மேலிடம் சொல்லிவிட்டது. வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நிலைமைக்கேற்ப உடனுக்குடன் மாற்றிக்கொள்ளும் முறை அது. ட்ரெயினிங், போர்டு, கலர் கலராக ஸ்டிக்கி நோட்டு எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன.

வினை வேறு இடத்தில் இருந்தது. அஜைல் பிரகடனம் 2001-இல் 17 மென்பொருள்காரர்கள் அமெரிக்காவில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கூடி எழுதியது. விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம் என்று அதில் ஒரு வரி. எங்கள் காதில் விழுந்தது "ஆவணம் வேண்டாம்" என்பது மட்டும். ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று கீழேயே எழுதியிருக்கிறார்கள், யாரும் அதுவரை படிக்கவில்லை, நானும்தான். எந்தக் கடனுக்கு எவ்வளவு ரிஸ்க் என்று எழுதிவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டும் எக்ஸெல் ரெஜிஸ்டரைக் கிடப்பில் போட்டுவிட்டு, காலையில் போர்டு முன்னால் பதினைந்து நிமிடம் நிற்பது (மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் அன்று ஒரு மணி நேரம்), பேசுவது, நோட்டை இடம் மாற்றி ஒட்டுவது என்று ஓட்டினோம்.

பலன் இல்லாமல் இல்லை. வெள்ளி விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தபோது, வசூலுக்குப் போகும் தம்பி ஒருநாள் காலையில் "சார், சிவதாபுரம் பக்கம் மூணு பட்டறையில ஆர்டரே இல்ல, ஆளுங்க வேற வேலைக்குப் போறாங்க" என்றான். அன்றே அந்தக் கடன்களின் நோட்டைப் போர்டில் 'மீடியம்' ரிஸ்க் கட்டத்திலிருந்து 'ஹை'க்குத் தள்ளினோம், புதிதாகக் கொடுப்பதையும் நிறுத்தினோம். பழைய முறையில் இது தெரிய அடுத்த காலாண்டு ஆகியிருக்கும்.

டிசம்பர் கடைசியில் ஆடிட்டர் வந்தார். "ரேட்டிங்கை மாத்தினது யார், எந்தத் தேதி, ஒப்புதல் எங்க?" போர்டைக் காட்டினேன். ஃபேன் காற்றில் விழுந்த நோட்டை யாரோ செல்லோ டேப் போட்டு 'லோ' கட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத எப்படிங்க ஃபைல்ல வைக்கிறது?" என்றார்.

ஒப்புதல் சொன்ன சீனியர் லீவில், ஏற்காட்டில். போன் எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரையாண்டு லீவுக் கூட்டம், வளைவுக்கு வளைவு வண்டிகள் நிற்கின்றன, மேலே பனிமூட்டம், எதிரே வரும் பஸ் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இருபது வளைவும் ஏறி வீட்டுக்குப் போனால் வாட்ச்மேன், "ஐயா காலையிலயே சேலம் இறங்கிட்டாருங்களே!"

மறுநாள் அவர் ஆபீஸுக்கே வந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் முன்தேதி போட ஆடிட்டர் விடவில்லை, விடவும் கூடாது. ஒப்புதல் பதிவில்லை என்ற குறிப்பு ஆடிட் அறிக்கையில் ஏறிவிட்டது.

ரிஸ்க் வேலையில் அஜைலுக்கு இறங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: தேதி, பழைய ரேட்டிங், புதியது, காரணம், ஒப்புதல் கொடுத்தவர், இந்த ஐந்தும் பதிவாகாமல் நோட்டை நகர்த்தாதீர்கள். மாற்றுகிறவரும் ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. எங்களுக்கு ஒரு மாற்றத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அப்புறம், போர்டை ஃபேனுக்குக் கீழே வைக்காதீர்கள்.

பெட்ரோல் பில் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. கிளெய்ம் ஃபாரத்தில் 'பயண நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.