பன்னிரண்டு அடி ஆமை, ஒன்பது கிலோ

ஜனவரி 4, ஞாயிறு

ஊர்வலம் 25-ஆம் தேதி சாயங்காலம், பெசன்ட் நகர் கடற்கரையில். எங்கள் தெருவின் பங்கு, நாங்களே சுமந்து ஆட்டும் ஒரு பங்குனி ஆமைப் பொம்மை. இது நிஜப் பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமைகள், கரையேறி முட்டையிடும் காலம். 1988-லிருந்து மாணவர்கள் இரவில் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். ஆனால் உயிரோடு ஓர் ஆமையைப் பார்த்தவர் எங்கள் தெருவில் இரண்டே பேர். மற்றவர்கள் பார்த்ததெல்லாம் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவற்றைத்தான். அதனால் எங்கள் ஆமை துடுப்பு அசைத்து நீந்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். வண்டியில் வைத்துத் தள்ளுகிற பொம்மை வேண்டாம்.

நிஜ ஆமை முக்கால் மீட்டர் நீளம்கூட வராது, எடை மட்டும் 40 கிலோ பக்கம். எங்களுடையது 12 அடி. ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

தலை வீணாகிவிட்டது. களிமண் அச்சின் மேல் செய்தித்தாளும் மைதாப் பசையுமாக எட்டு அடுக்கு ஒட்டினோம். அமெரிக்காவில் பீட்டர் ஷூமன் 1963-ல் தொடங்கிய பிரெட் அண்ட் பப்பெட் பொம்மலாட்டக் குழுவின் பிரம்மாண்டமான காகித முகங்களைப் படத்தில் பார்த்ததில் வந்த ஆசை அது. மார்கழிப் பனியில் எங்கள் தலை காயவே இல்லை. நாலாம் நாள் உள்ளே பூஞ்சை, விளிம்பில் எலி கடித்த தடம். பசையில் மயில்துத்தம் போட மறந்தது என் தவறு. தராசில் வைத்தால் தலை மட்டும் நாலரைக் கிலோ!

சரி, பிரம்புக்கு மாறுகிறோம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறினால் காலையில் சொன்ன பக்கம் வளைகிறது. புதுத் தலை 600 கிராம்.

ஜனவரி 11, ஞாயிறு

ஓட்டுக்கு மூங்கில் பிளாச்சு. கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், சைக்கிள் டியூப். பழைய டியூபை அரை அங்குல நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்தபடியே நாலு சுற்று சுற்றி, முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகினால் போதும். ரப்பர் சுருங்கி மூங்கிலைக் கவ்விக்கொள்கிறது. கூடு அசையும்போது கட்டும் கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது, உடல் மாதிரி.

மேலே பழைய வேட்டிகளைப் போர்த்திக் கடற்கரைக்குத் தூக்கிப் போனோம். நாலு மணிக் கடல்காற்றில் ஓடு பாய்மரமாகிவிட்டது. இரண்டு பேர் மணலில் விழுந்தோம், ஒரு பிளாச்சு முறிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார்.

"காத்துக்கு வழி வுடும்மா. இப்டி மூடி வச்சா அது எங்க பூடும்?"

சொன்னவர், தன் கிழிந்த வலையிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை அறுத்துக் கொடுத்தார்.

வலையால் ஆமை செய்வதா என்று மாடி வீட்டுச் சிறுமி கேட்டாள். நியாயமான கேள்வி. இழுவை வலையில் சிக்கும் ஆமைகள் மூச்செடுக்க மேலே வர முடியாமல்தானே சாகின்றன. அண்ணன் அவளுக்கே பதில் சொன்னார்: தன் வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவாராம். அப்புறம் அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வலை முடிச்சு போடக் கற்றுக்கொண்டாள்.

ஜனவரி 14, புதன், போகி

விடிவதற்கு முன்பே வாசல் வாசலாகப் போய், நெருப்பில் போகவிருந்த பழைய குடைகளைக் கேட்டு வாங்கினோம். 17 குடை, குடைக்கு எட்டு முக்கோணத் துணி. வெளுத்துப்போன கறுப்புக் குடைக்கு அசல் ஆமை நிறம், சாம்பலில் பச்சை கலந்தாற்போல. சாயமே தேவையில்லை, சாயமும் எடைதான். ஓட்டுத் தகடுகளாக வெட்டி, இரண்டு விரல் இடைவெளி விட்டு வலை மேல் தைக்கிறோம். மற்ற கடலாமைகளுக்குப் பக்கவாட்டுத் தகடுகள் பெரும்பாலும் நான்கைந்து ஜோடிதான். பங்குனி ஆமைக்கு ஆறோ அதற்கு மேலோ இருக்கும். எங்களுடையதற்கு ஏழு. இடைவெளி வழியாகக் காற்றும் போகும், எண்ணிப் பார்ப்பவருக்கு இனமும் தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

பொய்க்கால் குதிரைக் கூடு போலத் தோளில் தொங்கவிட்டுப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் தோள் கடுத்தது. பள்ளிக்கூடப் பையின் பட்டைகளோடு இடுப்புக்கும் ஒரு பெல்ட் சேர்த்ததும் பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. மொத்தம் 8.7 கிலோ.

ஜனவரி 25, ஞாயிறு

இடது முன்துடுப்பு 700 கிராம்தான். அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பிடித்தார், கடைசி வரை யாருக்கும் கொடுக்கவில்லை. சாலையில் இரண்டு முன்துடுப்புகளும் சேர்ந்தே மேலெழுந்து இறங்கின, நீந்தும்போது போல. மணலில் இறங்கியதும் சிறுமி குரல் கொடுக்க, இடது, வலது என்று மாற்றினோம். பங்குனி ஆமை கரையேறுவது அப்படித்தான். காற்று நன்றாகவே அடித்தது. தகடுகள் படபடத்தன, ஓடு அசையவில்லை.

தண்ணீரை நோக்கித் திரும்பினோம். அண்ணன் எழுந்து, காயப்போட்டிருந்த வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.