வற்றலுக்குக் குடை, முகமூடிக்குக் காக்கை

கைவேலை சொல்லித்தரும் காணொளிகளில் ஒரு விசேஷம் உண்டு. அவற்றில் குழந்தையே இருக்காது. இரண்டு கைகள் மட்டும் வரும். நகச்சாயம் பூசிய, பசை ஒட்டாத, சுத்தமான கைகள். அவை வண்ணக் காகிதத்தை மடிக்கும், வெட்டும், ஒட்டும். ஐந்தே நிமிடத்தில் மயில் தோகை விரித்து நிற்கும். 'உங்கள் செல்லங்களுடன் செய்து மகிழுங்கள்' என்று கடைசியில் எழுத்து ஓடும். அந்த மேசைக்குப் பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை உட்கார வைத்தால் மயிலின் கதி என்னவாகும் என்று காட்டும் காணொளி எதுவும் என் கண்ணில் படவில்லை. யாராவது எடுப்பதாக இருந்தால் கதை வசனம் எழுத நான் தயார்.

கோடை விடுமுறைக்குத் தங்கையின் பிள்ளைகள் இருவரும் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பான். சின்னவளுக்கு ஐந்து, எதையும் கேட்க மாட்டாள், நேராகச் செய்துவிடுவாள். "போனை மட்டும் கையில் கொடுத்துவிடாதே அண்ணா, ஏதாவது கைவேலை செய்யச் சொல்" என்று தங்கை ஒரு பெரிய பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே சார்ட், வண்ணக் காகிதம், பஞ்சு உருண்டைகள், ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் கண்கள், ஜிகினாத் தூள்.

ஜிகினாத் தூளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அன்று மாலையே டப்பா திறக்கப்பட்டது. ரசத்தில் மின்னியது, தலையணையில் மின்னியது. மறுநாள் அலுவலகத்தில் என்னோடு பேசியவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்தே பேசினார்கள்.

பையில் இருந்தவற்றை வைத்து முதலில் ஒரு மயில் செய்தோம். காணொளி மயிலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

"மாமா, இதை இனி என்ன செய்வது?" என்றான் பெரியவன்.

"ஷோகேஸில் வைக்கலாம்."

"வைத்துவிட்டு?"

இதற்கு எந்தக் காணொளியிலும் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் பையன் கேட்டது நியாயமான கேள்வி. தொடக் கூடாது, தூசி படக் கூடாது, விருந்தாளி வந்தால் காட்ட வேண்டும் என்று செய்யப்படும் கைவேலை பெரியவர்களின் பெருமைக்குத்தான் ஆகும். குழந்தைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. செய்து முடித்ததும் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், உருட்ட வேண்டும், ஊத வேண்டும், கடைசியில் உடைக்க வேண்டும். அப்படிப்பட்டதை மட்டுமே செய்வது என்று எங்கள் வீட்டுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. அம்மா மட்டும் வாக்களிக்கவில்லை. அவருக்கு வற்றல் போடும் வேலை இருந்தது.

முகமூடியில் ஆரம்பித்தோம். பலூனை ஊதி, அதன்மேல் செய்தித்தாள் துண்டுகளைப் பசையில் தோய்த்து நான்கைந்து அடுக்கு ஒட்ட வேண்டும். காய்ந்ததும் பலூனை உடைத்துவிட்டு, நெடுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு முகமூடிகள். பசைக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டி, வெள்ளை மங்கிப் பளபளப்பு ஏறியதும் இறக்கிவிடலாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதற்கு இடமில்லை. வெயில் காலத்தில் வெறும் மைதாப் பசை மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கிண்டிக்கொள்வது உத்தமம்.

காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். ஓரம் பிசிறாக இருந்தால்தான் அடுத்த துண்டோடு இழைந்து ஒட்டும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும். பக்கவாட்டில் கிழித்தால் எங்கோ புறப்பட்டு எங்கோ போய்ச் சேரும். ஆலையில் காகிதம் ஓடுகிற திசையிலேயே அதன் நார்களும் படுத்துக்கொள்வதுதான் காரணம். இதைப் பெரியவனுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள், சின்னவள் அன்றைய செய்தித்தாளை இரண்டு திசைகளிலும் கிழித்துப் பரிசோதனையை முடித்திருந்தாள். அம்மா இன்னும் படிக்காத செய்தித்தாள் அது. அம்மாவுக்கு அரசியல் போனால் பரவாயில்லை, ராசிபலன் போகக் கூடாது.

"மகரம் எங்கே?" என்று கேட்டார்.

மகரம் பலூனின் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, பலூனைத் திருப்பித் திருப்பி அங்கேயே படித்தார். 'எதிர்பாராத செலவு' என்று போட்டிருந்ததாம்.

செலவு வந்தது. மூன்றாவது அடுக்கில் மைதா தீர்ந்துபோயிற்று. அடுப்படியில் அம்மாவின் வற்றல் கூழ் அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. அரிசி மாவு, ஜவ்வரிசி, சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் போட்டு விடியற்காலையில் எழுந்து கிண்டியது. நான் மைதா வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் சின்னவள் அதில் ஒரு சொம்பு மொண்டு வந்து, இரண்டு பலூன்களுக்கும் மீதி அடுக்குகளை ஒட்டி முடித்துவிட்டாள். மாவுப்பொருள் வெந்தால் ஒட்டும் என்பதை யாரிடமும் கேட்காமலேயே கண்டுபிடித்திருந்தாள். உண்மையைச் சொன்னால் மைதாவைவிடக் கெட்டியாகவே ஒட்டியது. என்ன, முகமூடி முழுவதும் சீரகம். ராட்சசனுக்கு முகத்தில் மூன்று நாள் தாடி. கூழையும் காகிதத்தையும் பிசைந்து அவள் வைத்திருந்த மூக்கு, பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது.

மொட்டை மாடியில் அம்மா வெள்ளை வேட்டியை விரித்து வரிசையாக வற்றல் போட்டுவிட்டு, காக்கை வராமலிருக்க மூலையில் கறுப்புக் குடையை விரித்து வைத்தார். மாடியின் இன்னொரு பக்கத்தில் இரண்டு பலூன் முகங்களும் வெயில் காய்ந்தன. நிழலில் வைக்கலாம், வெயிலில் பலூனுக்குள் காற்று விரியும் என்று சொன்னேன்.

"விரியட்டும் மாமா, முகம் பெரிதாகும்" என்றான் பெரியவன்.

கத்திரி வெயில் யாருடைய வாதத்தையும் கேட்பதில்லை. பதினொரு மணி வாக்கில் மாடியில் டமார் என்று ஒரு சத்தம். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார், பின்னால் நாங்கள் ஓடினோம். ஒரு முகம் வாய் பிளந்து கிடந்தது. இன்னொன்றைச் சுற்றிக் காக்கைகளின் கூட்டம். குடையைக் கண்டு பயந்து வற்றலை விட்டுவைத்தவை, குடையில்லாத பக்கத்தில் பெருங்காயம் மணக்க ஒரு முகம் காத்திருப்பதைக் கண்டுகொண்டன. மூக்கு முதலில் போயிருந்தது. சூ சூ என்று நாங்கள் விரட்ட, ஒரு காக்கை போகிற போக்கில் வலது கன்னத்தையும் ஒரு கொத்து கொத்திவிட்டுப் போயிற்று.

சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகமூடியைக் கையில் எடுத்து, நெற்றியிலும் தாடையிலும் இருந்த ஓட்டைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அம்மை போட்ட ராட்சசன்" என்று அறிவித்தாள். அன்று மாலை தெருவில் அந்த ராட்சசனுக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் இல்லை. போட்டுக்கொள்ள வரிசையில் நின்றார்கள். அம்மாவுக்கோ வேறு சந்தோஷம். ஒரு வற்றல்கூடக் குறையவில்லை. "அடுத்த வருஷமும் இதே மாதிரி இரண்டு முகம் செய்து வையுங்கள், குடை வேண்டியதில்லை" என்றார்.

வெண்டைக்காய் அச்சு பற்றி ஒரு வரி போதும். குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். எங்கே விழும் என்பதுதான் கேள்வி. அன்று மதியம் காயில்லாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, பூப்போட்ட வேட்டியோடு நான் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன்.

தீக்குச்சி வேலை பெரியவனுடையது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, குப்பையில் போகிற பொருள்களிலிருந்து பொம்மை செய்து குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தந்தவர் அரவிந்த் குப்தா. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதற்குள் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்யும் வித்தை அவரால்தான் பிரபலமானது. மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்ட குச்சிகள்தான். நான்கு குச்சியில் சதுரம் செய்தால் அமுக்கினதும் சாயும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் எத்தனை அமுக்கினாலும் அசையாது. பெரியவன் இதை இரண்டு தடவை சோதித்துவிட்டு மௌனமாக எழுந்துபோனான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளே தட்டுகிற, ஆட்டுகிற சத்தம். கட்டில், நாற்காலி, ஊஞ்சல், அம்மாவின் முக்காலி என்று எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து, ஆடுகிறவற்றின் மேல் சாக்பீசால் ஒரு முக்கோணம் போட்டுவிட்டு வந்தான். "மாமா, உங்கள் வீட்டில் எல்லாமே சதுரமாக இருக்கிறது" என்று குறை சொன்னான். கட்டிலுக்குக் குறுக்குச் சட்டம் அடித்த தச்சரும் அதையேதான் சொன்னார், கூலியும் வாங்கிக்கொண்டார்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு தலையாட்டி பொம்மை செய்யாமல் விடமுடியுமா? பெரிய கோயிலுக்கு எதிரே கடையில் ராஜா ராணி ஜோடியைச் சாய்த்துவிட்டுச் சாய்த்துவிட்டுப் பெரியவன் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்தான். புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் ஒரு சகிப்பு எல்லை இருக்குமல்லவா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வீட்டிலேயே செய்யலாம் என்றேன். அடிப்பக்கம் வளைந்து கனமாக இருக்க வேண்டும், மேல்பக்கம் உள்ளே ஒன்றுமில்லாமல் லேசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இயற்கையிலேயே அப்படி வளைந்தது முட்டை ஓடு.

கூர்மையான முனையில் சிறிதாக உடைத்து, உள்ளிருப்பதைக் கிண்ணத்தில் விட்டு, ஓட்டைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். சுலபம்தான். ஆனால் பிள்ளைகள் கையில் பத்து முட்டைக்கு ஒன்றிரண்டு ஓடுதான் உருப்படியாக வரும். உடைந்த ஓட்டுக்குரிய முட்டையையும் யாராவது சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? காலையில் ஆம்லெட், மதியம் முட்டைக் குழம்பு, இரவில் பொடிமாஸ். வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாவின் உத்தரவால் உற்பத்தி நிறுத்தம். நாங்கள் மூவருமே அந்த வெள்ளிக்கிழமைக்காக ஏங்கினோம்.

ஓட்டின் அடியில் கொஞ்சம் பசை தடவி, ஒரு கோலிக்குண்டு அளவு களிமண்ணைப் பென்சிலின் மழுங்கிய முனையால் அமுக்க வேண்டும். அதிகம் போனால் கெட்டது. பெரியவன் பாதி ஓட்டுக்கு மண்ணை அடைத்தான்; பொம்மை சாய்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டிக் குறைக்கக் குறைக்க, ஒரு கட்டத்தில் அது திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக ஏன் என்று கேட்க மறந்துபோனான். காகிதத்தில் கூம்புத் தொப்பி வைத்து, மீசை வரைந்ததும் ராஜா தயார்.

சின்னவளின் பொம்மைக்கு மீசை இல்லை. அம்மா அதற்குப் பொட்டு வைத்து, கண்ணுக்கு மை தீட்டிவிட்டார். அது பாப்பாவாம். சாப்பாடு ஊட்டினாள், குளிப்பாட்டப் போனவளைத் தடுத்தோம். மதியம் அதைப் படுக்க வைத்தாள். எழுந்து உட்கார்ந்தது. மறுபடி படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தாள். கையை எடுத்ததும் எழுந்தது. தாலாட்டுப் பாடினாள். கைக்குட்டையைப் போர்த்தினாள். போர்வையோடு எழுந்தது.

"அம்மாச்சி, இந்தப் பாப்பா தூங்கவே மாட்டேன் என்கிறது!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"உன்னைப் பெற்றவளும் இப்படித்தான் இருந்தாள்" என்றார் அம்மா. "இரண்டு தலையணைக்கு நடுவில் செருகிவிடு. நான் அப்படித்தான் செய்தேன்."

விடுமுறை முடிகிற சமயத்தில் அம்மா தாமே ஒரு கைவேலை எடுத்தார். கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, அடுப்பு இல்லை. வாசலுக்குப் போய் வேலியோரப் பூவரசில் ஓர் இலையைப் பறித்தார். காம்பைக் கிள்ளி எறிந்தார். ஓர் ஓரத்திலிருந்து சுருட்டினார், ஒரு முனையை இரண்டு விரலால் தட்டையாக நசுக்கி உதட்டில் வைத்து ஊதினார். பீப்பீ என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. எழுபது வயதில் அம்மா பீப்பி ஊதி நான் பார்த்ததில்லை; எதிர்வீட்டு நாயும் பார்த்ததில்லை போலும், எழுந்து உள்ளே போய்விட்டது.

அத்தோடு சார்ட், பஞ்சு, ஜிகினா எல்லாம் பரணுக்குப் போயின. விடிந்தால் பீப்பி, அடைந்தால் பீப்பி. இளம் இலைக்கு மெல்லிய குரல், முற்றிய இலைக்குக் கட்டைக் குரல் என்று பெரியவன் வகை பிரித்து வைத்தான். தெருப் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து கல்யாண ஊர்வலம் நடத்தினார்கள். மாப்பிள்ளை வேடத்தில் அம்மை போட்ட ராட்சசன்.

இலை வாடினால் பீப்பி ஊதாது. அதனால் ஊருக்குக் கிளம்பும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு பை நிறைய இலை கட்டிக்கொண்டார்கள். நானும் தடுக்கவில்லை, அம்மாவும் தடுக்கவில்லை. சென்னையில் தங்கை இருப்பது நான்காவது மாடியில். மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள். அன்றிரவே போன் வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் இரண்டு ஸ்தாயிகளில் பீப்பி.

"அண்ணா, இதை யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? கீழ்வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார்!"

நான் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "கட்டைக் குரல்தான் சரியாக வருகிறது. சின்னவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருட்டச் சொல்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.